சத்தம் போடாமல் சல்லிக்குப் போன மோட்டார் சைக்கிள்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. சின்னப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனது, இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோதுமை மா கருகுகிற ஒரு மணம் மட்டும் இன்னும் மூக்கில் நிற்கிறது. அது குசினி அடுப்பில் இருந்து வந்ததல்ல, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது.

நாங்கள் அப்போது பாலையூற்றில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில், கப்பல் சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வேலை. கப்பலேறித் தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவார். உப்புக்காற்றில் அதன் சைலன்சர் இற்றுப்போய், அடியில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. வண்டி சந்தியில் திரும்பும்போதே பக்கத்து வீட்டுப் பூரணமக்கா வேலிக்கு மேலால் எட்டி, "அந்தா பீரங்கி வருது, தேத்தண்ணியை வை" என்று அம்மாவுக்குச் சொல்லுவா. அம்மாவுக்கு வெட்கமாயிருக்கும். நானும் அவவைப் போலத்தான், நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கால் பின்னும்.

அந்த வருசம் கடற்கரை ஊரான சல்லியில் அம்மாவின் தங்கச்சிக்கு, எங்கள் சித்திக்கு, முதல் பிள்ளை பிறந்தது. சித்தப்பா கடலுக்குப் போனால் வீட்டில் வேறு துணை கிடையாது. அம்மா விடியவே எழும்பிப் பத்தியக்கறி காய்ச்சி, சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பா. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இறங்கி மணலில் நடந்து போய்ச் சேருகிறபோது கறி சில்லிட்டுப் போயிருக்கும். சித்தி இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்துவிடுவா. பிள்ளைக்குப் பால் காணாமல் போகிறது என்று அம்மா இரவில் அப்பாவிடம் சொல்லி அழுததை நான் பாயில் கிடந்து கேட்டிருக்கிறேன்.

வண்டி வாசலில் நிற்கிறதுதானே, ஏறு, சூட்டோடு கொண்டுபோவோம் என்று அப்பா எத்தனையோ தரம் கேட்டார். அம்மா மறுத்துவிட்டா.

"உதில ஏறினா ஊருக்கு அறிவிச்சுக்கொண்டு போறமாதிரி. அங்க பச்சைப்பிள்ளை நித்திரை. திடுக்கிட்டு எழும்பினா ஆர் ஓராட்டித் திரும்ப நித்திரையாக்கிறது?"

அடுத்த லீவு நாள் காலமை அப்பா ஒரு புதுச் சைலன்சரோடு வந்து, இண்டைக்கு நீ பஸ்ஸுக்கு நிக்காதை, நான் கொண்டுபோறன் என்று சொல்லிவிட்டார். அது வேறு ஒரு வண்டிக்கென்று செய்தது. அதன் வாய் எங்கள் குழாயைவிடப் பெரிது, கொழுவிப் பார்த்தால் சுற்றிவர இடைவெளி. அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, குசினி வாசலில் நின்ற அம்மா, புட்டுப் பானையில் ஆவி போகாமல் நாங்கள் என்ன செய்கிறோம் என்று மெல்லக் கேட்டா. அவ்வளவுதான். கோதுமை மாவைப் பிசைந்து, பானை வாய்க்கு அப்புகிற மாதிரியே இரண்டு பேருமாய் அப்பினார்கள். முதலில் சத்தம் அடங்கித்தான் போனது. அப்பா ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் மா வெந்து, பிறகு கருகி, வெடித்து, துண்டு துண்டாய் விழுந்தது. வண்டிக்குப் பின்னால் இரண்டு நாய்கள் ஓடிவந்தன.

"தம்பி, பீரங்கியில ரொட்டியும் சுடுறீங்களோ?" என்று பூரணமக்கா வேலியால் கேட்டா.

அப்பாவும் விடவில்லை. "ஓமக்கா, சம்பல் இருந்தாக் கொண்டாங்கோ."

பிறகு அவர் பால்மாத் தகரப் பேணி ஒன்றை வெட்டி, அந்தத் தகட்டைக் குழாயில் இறுக்கமாகச் சுற்றி, அதற்கு மேலே சைலன்சரைத் தட்டி ஏற்றி, வளையம் போட்டு இறுக்கினார். எஞ்சினில் குழாய் போய்ச் சேருகிற வாயில் ஒரு செம்பு வளையம் இருக்கும். பழையது, கல்லாய் இறுகிப்போயிருந்தது. அதை அம்மாவின் அடுப்புத் தணலுக்குள் போட்டுச் சிவக்க வைத்துத் தண்ணீரில் போட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் செய்தால் செம்பு இளகி, அமத்தினால் அமர்ந்து கொடுக்குமாம்.

அப்படியும் எங்கேயோ "டப் டப்" என்று துப்புகிற சத்தம். அம்மா சாமிப் படத்தடியில் இருந்து ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி என்னிடம் தந்தா. எஞ்சினை ஓடவிட்டு, நான் அதைப் பின்னாலிருந்து குழாய் வழியே பிடித்துக்கொண்டு போனேன். தகடு சுற்றின இடத்திலும் புகை அசையாமல் நேரே எழும்பியது. எஞ்சின் வாயடிக்கு வந்தவுடன், கசிகிற காற்றில் சிதறித் துள்ளியது. அப்பா அந்த இடத்தை இன்னும் இறுக்கினார், புகை இன்னும் துள்ளியது.

மத்தியானம் தாண்டிவிட்டது. சித்தி சாப்பிடாமல் வழி பார்த்துக்கொண்டிருப்பா. கடைசி பஸ்ஸாவது கிடைக்குமோ என்று அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. அப்பாவுக்குக் கோபம் வந்தது, அம்மாவில் இல்லை, சைலன்சரில். எல்லாவற்றையும் கழற்றி எறிகிறேன் என்று, சைலன்சரை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கிற பின்பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தினார். உடனே முழுக்குழாயும் "டொக்" என்று அசைந்து, முன்னால் எஞ்சின் வாயில் தானாகவே போய் நேராய்க் குந்தியது.

அப்பா குனிந்து முன்னையும் பின்னையும் பார்த்தார். அம்மா ஏறியிருக்கும்போது வழியில் கழன்று விழக்கூடாது என்ற பயத்தில், அந்தப் பின் போல்ட்டைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் இறுக்கியிருந்தார். அது குழாயை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, முன்வாய் கோணிப்போய் நின்றிருக்கிறது. இந்தமுறை எல்லாவற்றையும் கையால் மட்டும் தளர்வாகப் பூட்டி, எஞ்சின் பக்கத்து நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுக்கிக்கொண்டு வந்து, பின் போல்ட்டைக் கடைசிக்கு விட்டார். ஊதுவத்திப் புகை எந்த இடத்திலும் துள்ளவில்லை.

"இஞ்சேர், இனி ஏறுவியோ?"

 அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றி, கறியைத் திரும்பக் கொதிக்கவைத்துக்கொண்டு வந்தா. பெற்றோல் தாங்கியின் மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் ஒருபக்கமாய் இருந்து மடியில் சட்டியோடு அம்மா. பூரணமக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முற்றம் கூட்டினா. நாங்கள் தாண்டிப் போனதை அவ அறியவேயில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அம்மா சிரிக்கிறது எனக்குக் கேட்டது.

சல்லியில் சித்தி பிள்ளையை மடியில் நித்திரையாக்கி வளர்த்திக்கொண்டு கதவோரம் இருந்தா. அம்மா உள்ளே போய் நிற்க, நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனா.

"என்னக்கா, இந்த நேரம் பஸ்ஸும் இல்லை, நடந்தோ வந்தனீங்கள்?"

பிள்ளை அசையவில்லை. அம்மா சட்டியைத் திறந்தா, ஆவி மேலே வந்தது.

"முதல் தின். பிறகு கதைப்பம்."

சித்தி சட்டியை விரலால் வழித்துத் தின்றா. பத்தியம் முடியும்வரை அப்படித்தான் போய்வந்தோம். பிள்ளைக்குக் கன்னம் வைத்தது.

இப்போது அந்த வழியெல்லாம் தார் போட்டாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் சித்தியும் இல்லை, வண்டி யாரிடம் போனது என்றும் தெரியாது. எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருக்கிற பொடியன்கள் நல்ல சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடுகிறதைத் தேடி வாங்கிப் பூட்டுகிறார்கள். எனக்குக் கோபமில்லை. அவர்களைத் திரும்பிப் பார்க்க ஆள் வேணும், அந்த வயது அப்படி.

வேலை தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், செம்பு வளையத்தின் கதையையும் நட்டு இறுக்கின ஒழுங்கையும் ஒருமுறை பார்த்து, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். கறி சூடாய்ப் போய்ச் சேர்ந்தது மட்டும் எனக்கு நிச்சயம், அதில் கை வைக்க வேண்டாம்.