இஸ்திரி பாட்டிலும் இரண்டு ஸ்கேனர்களும்

அந்தக் கடைக்கு ஒரே ஷட்டர், உள்ளே இரண்டு தொழில். வலது பாதியில் அக்காவின் தையல் மெஷின், இஸ்திரி மேசை, நூல்கண்டுகள். இடது பாதியில் தங்கையின் பைக் ஒர்க்‌ஷாப். நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டி ஒரு சொட்டு ஆயில் வந்தாலும் அன்றைக்குக் கடை இரண்டுபடும்.

அக்கா எட்டாவதோடு நின்றவள். ஆனால் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதனால் தங்கையின் வேலை நோட்டு அவள் பொறுப்பு. எதைக் கழற்றினாள், எதை மாட்டினாள், நின்ற இடத்தில் ஓடும் வேகம் இன்ஜின் சூடாகும் முன் எவ்வளவு, சூடான பின் எவ்வளவு என்று தங்கை குனிந்தபடியே சொல்லச் சொல்ல, அக்கா ஊசியை ஓரமாகக் குத்திவைத்துவிட்டு எழுதுவாள். "உன் மூளை பெரிய மூளைதான். ஆனா ராத்திரி தூங்கி எந்திரிச்சா அதுவும் காலிதானே" என்பாள். வாயில் இப்படிச் சொன்னாலும், பேன்ட் உயரம் குறைக்க வந்தவர்கள்கூட தங்கையின் பெருமையைக் கேட்காமல் அந்தக் கடையை விட்டுப் போக முடியாது.

அன்று காலை பத்து மணிக்கு நர்ஸம்மாவின் வண்டி மறுபடி வந்து நின்றது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு நிலையத்தை நடத்துபவர் அவர். அங்கே மொத்தம் பதினான்கு பைக்குகள். "ஒரு வண்டி தர்றேன். அது சரியா ஓடினா பதினாலும் உன்கிட்டதான்" என்று போன வாரம் சொல்லியிருந்தார். சிக்னலில் நின்றால் அணைந்துபோகும் வண்டி அது. தங்கை காற்றும் பெட்ரோலும் சேரும் த்ராட்டில் பாடியைக் கழற்றினாள், அதில் படிந்திருந்த கரியைக் கழுவினாள், மாட்டி அனுப்பினாள். நாலே நாளில் முன்னைவிட மோசமாகித் திரும்பி வந்திருக்கிறது.

"சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன்மா. அதுக்குள்ள ஆகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். மருந்தோட நடு ரோட்டுல நிக்க முடியாது பாரு" என்றுவிட்டுப் போனார் நர்ஸம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அதே நேரத்தில் கருவி விற்பவரும் வந்து சேர்ந்தார். வண்டியில் மாட்டிக் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் ஒன்றைத் தங்கை வாங்கப்போவது தெரிந்து இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்று சூட்கேஸ் மாதிரி பெரியது, வண்ணத்திரை வைத்தது. இன்னொன்று சோப்புப்பெட்டி அளவுதான்.

"இதை மேசையில வெச்சாலே கஸ்டமர் கும்பிடுவான்" என்று பெரியதைத் தட்டினார் அவர்.

"கும்பிட்டா வண்டி ஓடுமா அண்ணே? ரெண்டையும் மாட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் தங்கை.

பெரியதை மாட்டினாள். திரையில் பச்சை விளக்கு எரிந்தது: பிழை ஏதும் இல்லை.

"பாத்தீங்களா, சுத்தமா இருக்கு!" என்றார் விற்பவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இருமிக்கொண்டே அணைந்தது. அக்கா முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்துச் சின்னதை மாட்டினாள். அது, பிழை இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்கவில்லை. இன்ஜின் ஓட ஓட உள்ளே நடப்பதை எண்களாகக் காட்டியது. தங்கை சொன்னாள், அக்கா எழுதினாள். சூடாகும் முன் நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று, ஆடாமல் நின்றது. சூடான பின் ஆயிரத்து நூறுக்கும் ஆயிரத்து எழுநூறுக்கும் இடையே ஊஞ்சலாடியது. புகைக்குழாயில் இருக்கும் சென்சாரோ, காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"திருட்டுக் காத்துக்கா. கணக்குல வராம எங்கேயோ உள்ள பூருது" என்றாள் தங்கை. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கை நீட்டி, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் இஸ்திரி பாட்டிலை எடுத்தாள்.

"அடியே, அது என் பாட்டில்!"

"ஒரு நிமிஷம்க்கா, தேஞ்சா போயிடப்போகுது?"

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் மாறவில்லை. த்ராட்டில் பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம் தெளித்ததும் ஊஞ்சல் நின்றது. தண்ணீர் விரிசலை ஒரு நொடி அடைத்திருக்கிறது. அது உலர்ந்ததும் மறுபடி ஆட்டம் தொடங்கியது. அக்கா தன் கைக்கண்ணாடியை அடியில் பிடித்தாள். ரப்பரை இறுக்கும் இரும்பு வளையத்தின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெட்டு. இன்ஜின் சூடானதும் அது வாய் பிளக்கிறது.

தங்கை நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். போன வாரத்துப் பக்கத்தில் அக்காவின் முத்தான எழுத்து: "வளையம் லூசாக இருக்கக் கூடாது என்று இன்னும் ஒன்றரைச் சுற்று இறுக்கப்பட்டது."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. துணியில்கூட இப்படித்தான், எலாஸ்டிக்கை அளவுக்கு மீறி இழுத்துத் தைத்தால் தையல் ஓரத்திலேயே கிழியும்.

"ரப்பர் பழசு, தானா வெடிச்சிருச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியும்?" என்றாள் மெதுவாக.

"நோட்டுக்குத் தெரியுமே."

"நோட்டு என்கிட்டதான் இருக்கு."

"பொய் எழுதணும்னா நீ ஏன்க்கா இவ்வளவு அழகா எழுதணும்?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, புது ரப்பர் குழாய் வாங்க இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்கு நடந்தாள்.

நாலு மணிக்கு நர்ஸம்மா வந்ததும் தங்கை சுற்றிவளைக்காமல் சொன்னாள். "முதல்ல இருந்தது கரி. அதைச் சரி பண்ணிட்டேன். ரெண்டாவதா வந்தது என் தப்பு. அதிகமா இறுக்கி ரப்பரை வெட்டிட்டேன். இப்ப புதுசு போட்டிருக்கு, அளவா இறுக்கியிருக்கு." நோட்டை அந்தப் பக்கத்திலேயே திறந்து நீட்டினாள்.

நர்ஸம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். படிக்க எவ்வளவு நேரமாகும் என்று அக்காவுக்குத் தெரியும். அதைவிட அதிக நேரம் ஆனது.

"நாங்களும் எழுதுவோம்" என்றார் கடைசியில். "எந்த மருந்து, எத்தனை மணிக்குன்னு. தப்பாக் கொடுத்துட்டாலும் எழுதணும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு அதைப் பழக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போயிடும்." நோட்டை மூடினார். "அஞ்சு வண்டி அனுப்பறேன். ஒரு மாசம் பாப்போம். அப்புறம் மீதி."

"இந்த வண்டி?" என்றாள் தங்கை.

"அதைத்தானே இப்ப ஓட்டிப் பாக்கப் போறேன்."

எதை வாங்கப்போகிறாள் என்று கேட்க, கருவி விற்பவரும் மறுபடி வந்து வாசலில் நின்றிருந்தார். தங்கை சோப்புப்பெட்டியை எடுத்துத் தன் பக்கத்து அலமாரியில் வைத்தாள். அவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு, "அந்த பாட்டில் எங்கேம்மா வாங்கினீங்க? அதையும் சேத்து விக்கலாம் போலிருக்கே" என்றார்.

கடை வாசலிலிருந்து பார்த்தால் தெருமுனைச் சிக்னல் தெரியும். நர்ஸம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு லாரி. பின்னால் அவர். அக்கா மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு மனதுக்குள் எண்ணினாள். இருபது. நாற்பது. தங்கை கை துடைக்கும் துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். அறுபது. எழுபத்தைந்து.

பச்சை விழுந்தது. முதலில் லாரி நகர்ந்தது. அதன் பின்னால், ஒரு இருமல்கூட இல்லாமல், நர்ஸம்மாவும் நகர்ந்தார்.

"எழுதிக்கோக்கா" என்றாள் தங்கை.

அக்கா ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தாள்.