மை பூசாத விரல்

அந்த ஞாயிற்றுக்கிழமை கெல்சென்கிர்ச்சன் பள்ளிக்கூடம் ஒன்றில், வாக்குப்பெட்டிக்குப் பக்கத்தில் தேர்தல் உதவியாளராக நின்றேன். ஜெர்மன் பாராளுமன்றத் தேர்தல். இலங்கையில் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

கலியாணத்துக்குப் போவதுபோல் கோட் போட்டு வந்த நரைத்த மனிதர் ஒருவர், சீட்டைப் பெட்டிக்குள் போட்டதும் இடது கைச் சின்னவிரலை என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, இஞ்ச மை பூசிறேல்லை," என்றேன்.

சிரித்தார். விரலை மடக்கவில்லை.

"எனக்கு இதுதான் முதல் வோட்டு, தம்பி. ஊரில எங்கட அக்கா டீச்சர். போன ஜனாதிபதித் தேர்தலுக்கு மை பூசிற வேலை அவவுக்குத்தான். வோட்டுப் போடக்கூடாதெண்டு இயக்கப் பெடியள் சொல்லிப்போட்டாங்கள். யாழ்ப்பாணமே வீட்டுக்குள்ள இருந்தது. அவ பின்னேரம் வரைக்கும் மைப்போத்தலோட இருந்தவ. ஒரு விரல்கூட வரேல்லை."

"அக்கா இப்ப எங்க?"

"சண்டைக்குள்ள செத்துப்போனா."

பின்னால் வரிசை காத்திருந்தது. அவர் தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அந்த ஒரு விரலை மட்டும், ஈர மை கோட்டில் பட்டுவிடும் என்பதுபோல், விலக்கியே வைத்திருந்தார்.