கழுத்தில் வெல்டிங் வைத்த வண்டி

மில் வேன் நின்றபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன். வீடு கூமாப்பட்டியில். இடையில் முப்பது கிலோமீட்டர். பல வருடம் மில் வேன்தான் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒரு காலத்தில் உட்கார இடமில்லாமல் ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்து போயிருக்கிறோம். பிறகு மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல் கட்டி, ஒரிசா பீகார் பையன்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் ஊரில் சோறு இருந்தால் இங்கே வந்து எதற்குப் பஞ்சுத் தூசியைத் தின்னப் போகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நாலு பேராகக் குறைந்தோம். நாலு பேருக்கு வேன் எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள்.

காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறிப் போனால் ஏழரை ஆகிவிடும். ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய் நின்றேன். எங்கள் டிபார்ட்மெண்டுக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஒண்ணு ஆஸ்டல்ல வந்து தங்கும். இல்ல ஆறு மணிக்கு எப்பிடியாச்சும் வந்து நில்லும்" என்றார்.

"வீட்டுல அவ ஒத்தையில கெடப்பா சார்."

"ஏன், புலி வந்து தூக்கிட்டுப் போயிருமோ?"

"எங்க ஊர்ல அதுவும் வரும் சார்" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

புலி இல்லை விஷயம். என் மனைவிக்கு வலிப்பு உண்டு. பெரும்பாலும் இரவில், தூக்கத்தில்தான் வரும். பகலில் வந்தால் அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது. இரவில் யாராவது பக்கத்தில் இருந்து ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் ஒருவன்தான். வேலையும் வேண்டும், இரவில் வீட்டிலும் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு பைக் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். ஊர் சுற்ற இல்லை.

மனைவியின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மச்சான் கடை இருக்கும்போது வேறு இடத்தில் வாங்கினால் வீட்டில் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது. போனோம். கறுப்பு வண்டி ஒன்றைத் தயாராக நிறுத்தியிருந்தார். பூஜையே போட்டாகிவிட்டது. ஹேண்டில்பாரில் மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்துக் குழாயில், அப்பியது போலக் கனமாகச் சந்தனமும் அதன் மேல் குங்குமமும். அவர் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றார்.

நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டேன். ஒரு ஷெட் முழுக்க மிஷின் ஓடுகிற இரைச்சலில் எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற காது என்னுடையது. எஞ்சின் சுத்தமாக இருந்தது. காது கொடுத்துக் கேட்டால் சொந்தக்காரன் கோபப்பட மாட்டான். குனிந்து பார்த்தால்தான் வம்பு. செயினைப் பார்க்கிற சாக்கில் லேசாகக் குனிந்தேன்.

"என்ன மாப்ள, மாட்டுக்குப் பல்லு பாக்குறாப்ல பாக்கீரு. தங்கச்சி புருசனுக்கு ஓட்ட வண்டியா குடுப்பேன்?" என்றார் மச்சான்.

மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நிமிர்ந்துவிட்டேன். அன்றைக்கு நிமிர்ந்ததற்கு என்னை நானே இன்னும் செருப்பால் அடித்துக்கொள்ளவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனைவி தினமும் ஈரத்துணியால் வண்டியைத் துடைப்பாள். சந்தனத்தைச் சுற்றி மட்டும் விட்டுவிடுவாள். நானும் அப்படித்தான். சாமிக்கு வைத்தது. மூன்று வாரம் அந்தச் சந்தனத்தை முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வண்டி இடது பக்கம் இழுத்தது. ஹேண்டிலைக் கொஞ்சம் வலது பக்கம் பிடித்தால்தான் நேராகப் போகும். ஓட்டிப் பல வருடம் ஆகிறது, கை பழகவில்லை என்று நினைத்தேன். ரோடு சரியில்லை என்று நினைத்தேன். வண்டியைத் தவிர எல்லாவற்றையும் குறை சொன்னேன்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து மத்தியானம் திரும்பி வரும்போது, வத்திராயிருப்புக்கு முன்னால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது. தாண்டி வந்து, சட்டையில் தெறித்த சேற்றைத் துடைக்க வண்டியை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால் காய்ந்த தார் ரோட்டில் ஈரமாக இரண்டு கோடு. முன் சக்கரம் ஒரு கோடு, பின் சக்கரம் ஒரு கோடு. இரண்டு விரல் தள்ளி, கடைசி வரை ஒட்டாமல் வந்திருந்தன. நேராகப் போகிற வண்டிக்கு ஒரே கோடுதான் விழும். ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வெயிலில் கோடு காய்ந்து போயிற்று.

மறுநாள் மில்லுக்கு எதிர் ரோட்டில் உள்ள மெக்கானிக்கிடம் விட்டேன். என் வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் பாக்கு. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். என்னைக் கேட்கவில்லை. கழிவுப் பஞ்சில் மண்ணெண்ணெயை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார்.

"சாமி முன்னாடி லைட்டுல உக்காரும், டேங்குல உக்காரும். கழுத்துலயா உக்காரும்?" என்றார்.

சந்தனத்துக்குக் கீழே பெயிண்ட் வேறு கறுப்பாக இருந்தது. சுரண்டினார். ஒட்டு தெரியாமல் அப்பியிருந்த பட்டி மாவு உதிர்ந்தது. மாவுக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, புழு ஊர்ந்த மாதிரி வெல்டிங். டேங்கைக் கழற்றினார். குழாய் மடங்கிச் சுருக்கம் விழுந்திருந்தது.

"எதுலயோ நேரா குடுத்திருக்கு. லாரிப் பின்னாடியோ, பாலத்துச் செவருலயோ. ஓட்டுனவன் இருக்கானோ போயிட்டானோ."

"சரி பண்ண முடியுமா?"

"பெண்டு எடுக்கலாம். எடுத்தது எடுத்ததுதான். முறிஞ்ச காலுக்குக் கட்டுப் போட்டா நடக்கலாம், ஓட முடியுமா? சேஸிஸயே மாத்துறதுன்னா, வண்டி நம்பரே இந்தக் கழுத்துலதான் அடிச்சிருக்கு. ஆபீஸு ஆபீஸா அலையணும். அதுக்கு நீங்க வேற வண்டியே வாங்கிறலாம்."

வேறு வண்டி வாங்க வழியில்லை. பெண்டு எடுக்கச் சொன்னேன். நாலு நாள் ஆகும் என்றார். அந்த நாலு நாளும் நான் ஹாஸ்டலில் படுத்தேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் பண்ணினார். இரவில் எப்போதோ வலிப்பு வந்து, நாக்கைக் கடித்து, தலையணையெல்லாம் ரத்தமாகக் கிடந்திருக்கிறாள். பால்காரர் தட்டித் திறக்கவில்லை என்று போய்ப் பார்த்தார்களாம்.

வண்டி வந்தது. நேராக ஓடியது. தண்ணீரில் விட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரே கோடு. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அந்த இரண்டு மாதமும் ஒருநாள் லேட் இல்லை. இரவில் வீட்டில் இருந்தேன். மச்சானிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, சரியாகிவிட்டது என்று விட்டேன். அவளிடமும் சொல்லவில்லை. அண்ணன் என்றால் அவளுக்கு அப்படி.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அவளுக்கு மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பகல் பதினொரு மணி. திரும்பும்போது ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை, அந்த ரோட்டில் தினமும் நாற்பது முறை இறங்கி ஏறுகிற மாதிரிதான். இறங்கியதும் ஹேண்டில் என் கையை விட்டுத் தானாக உதறியது. கழுத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நன்றாகக் கேட்டேன். அடுத்து இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம். எனக்கு முட்டியில் தோல் போனதோடு சரி. அவளுக்கு இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்துவிட்டது.

மச்சான் பார்க்க வந்தார். ரொட்டி, ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கிற்று. அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தங்கச்சி மேல் பாசம் இல்லாமல் இல்லை.

"மச்சான், கழுத்து வெல்டிங் வச்ச வண்டின்னு ஒமக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன்.

"எந்தக் கழுத்து?"

"வண்டிக் கழுத்து. ஒங்க சந்தனத்துக்குக் கீழ."

ஆப்பிள் பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "பழைய வண்டின்னா ரெண்டு எடத்துல வெல்டிங் இருக்கத்தான் செய்யும் மாப்ள. நான் அதக் கன்னிப் பொண்ணுன்னா சொல்லிக் குடுத்தேன்?" என்றார்.

"நாங்க செத்திருப்போம்."

"வண்டியச் சொல்லாதீரு. பின்னாடி உக்காந்திருந்தது யாரு? அவளுக்கு வலிப்பு வந்திருக்கும். வெட்டி இழுத்திருப்பா, நீரு விட்டிருப்பீரு. சீக்காளியப் பின்னால ஏத்திட்டுப் போயி வண்டியக் குத்தம் சொன்னா எப்பிடி?"

எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்குள் அவள் பேசினாள்.

"எனக்குத்தான் வந்திருக்குமோ என்னவோ. எனக்கு ஒண்ணும் ஞாவகம் இல்ல. அண்ணன வையாதீக" என்றாள்.

"ஏட்டி, விழறதுக்கு முந்தி நீ எங்கிட்டக் கொய்யாப்பழம் கேட்டியே. வலிப்பு வந்தவ கொய்யாப்பழமா கேப்பா?"

"கேட்டனா?" என்றாள். அவளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் மறந்திருக்கும். அண்ணன் கெட்டவன் என்பதைவிடத் தான் சீக்காளி என்பது அவளுக்கு ஒத்துக்கொள்ளச் சுலபமாக இருந்தது. வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்படியே சொன்னாள். "எனக்கு வந்துருச்சு, அவிய என்ன செய்வாக" என்று. என்னைக் காப்பாற்றுகிறாளாம். சொல்லிச் சொல்லி இப்போது அவளுக்கு அதுவே உண்மையாகிவிட்டது.

மெக்கானிக் மறுபடி பிரித்தார். பழைய வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல். இந்தத் தடவை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து ஒட்டினார். "நாப்பதுக்கு மேல போகாதீக. டபுள்ஸ் ஏத்தாதீக. பள்ளத்துல விடாதீக" என்றார். பள்ளத்தில் விடாமல் கூமாப்பட்டி ரோட்டில் எப்படி ஓட்டுவது என்று கேட்டேன். "அதெல்லாம் எங்கிட்டக் கேட்டா?" என்றார். நியாயம்தான்.

விற்றுவிடலாம் என்று பார்த்தேன். தெரியாதவன் வந்தால் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பான். அப்போது கான்சாபுரத்திலிருந்து என் அக்கா மகன் வந்தான். தென்னந்தோப்புகளில் தேங்காய் உரிக்கிறவன். மூன்று வயதுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, வண்டியக் குடுக்கப் போறீகளாமே. எனக்குக் குடுங்க. நீங்க ஓட்டுன வண்டி, அதப் போய் என்ன பாக்க?" என்றான். சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி டேங்க் மேல் உட்கார வைத்தான். பிள்ளை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு உறுமியது.

ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. உண்மையைச் சொல்கிறேன். கொடுத்துவிடலாம், அதை வைத்து வேறு வண்டிக்கு வழி பார்க்கலாம் என்று நினைத்தேன். இவன் மெதுவாகத்தானே ஓட்டுவான் என்றுகூட நினைத்தேன். மச்சானும் இப்படித்தான் நினைத்திருப்பார். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டையைக் காட்டினேன்.

அவன் பட்டையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "நேத்துக்கூட இதுலதான மில்லுக்குப் போனீக?" என்றான்.

"போனேன்."

"நீங்க போலாம், நான் போகக் கூடாதா?"

"எனக்கு வேற வழியில்லலே."

"குடுக்க மனசில்லன்னா அதச் சொல்லிருங்க மாமா. எதுக்கு இம்புட்டுக் கதை?" என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். அதிலிருந்து அக்கா வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. யாரோ வெளி ஆளுக்குக் கூடுதல் விலைக்குப் பேசி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறார்களாம். பொய் சொல்லி விற்றவர் நல்ல மச்சானாக இருக்கிறார். நான் கெட்ட மாமனாகிவிட்டேன்.

இன்றும் அதில்தான் போகிறேன். நாற்பதில் போவதால் விடிவதற்கு வெகு முன்னாலேயே கிளம்ப வேண்டும். நான் எழும்போது அவளும் எழுந்துவிடுகிறாள். ஒடிந்த கை சரியாகக் கூடவில்லை, சோற்றுப் பானையைத் தூக்க முடியாது. அவளுக்கு இப்போது மாதத்தில் மூன்று நாலு தடவை வலிப்பு வருகிறது. முன்பு அப்படி இல்லை. டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத்தான் திட்டினார்.

"தூக்கம் கெட்டா வரத்தான் செய்யும். ராத்திரி முழுசா தூங்க விடுங்க. அவங்க எதையோ நெனச்சுப் பயந்துக்கிட்டே கெடக்காங்க. அது என்னன்னு பாத்து நிறுத்துங்க."

என்ன என்று எனக்குத் தெரியும். வாய் என்ன சொன்னாலும், நான் இந்த வண்டியில் போவதுதான் அவள் பயம். அதை நிறுத்தினால் ஹாஸ்டலில் போய்ப் படுக்க வேண்டும். அப்போது இரவில் அவள் பக்கத்தில் யாரும் இல்லை. நிறுத்தாவிட்டால் அவள் தூங்குவதில்லை. இதற்கு ஒரு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள். மாஸ்டரிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

இப்போதெல்லாம் விளக்குப் போடாமல் கிளம்புகிறேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போகிறேன், சத்தத்தில் விழித்துவிடக் கூடாது என்று. நேற்றும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போய், முனையில் நிறுத்தி, மிதிக்கப் போனேன். பையில் போன் அடித்தது. அவள்தான்.

"அம்புட்டுத் தூரம் எதுக்குத் தள்ளிட்டுப் போறீக? வாசல்லயே ஸ்டார்ட் பண்ணுங்க. நான் முழிச்சுத்தான் கெடக்கேன்" என்றாள்.