இரண்டாந்தரம் பார்த்த விண்வெளிப் படமும் மாமியின் திரைச்சீலையும்

போன மாதம் பௌர்ணமிப் போயா லீவு அன்று எங்கள் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. என் மனைவி எங்கள் மருமகனோடு கதைத்துவிட்டார்!

இதில் என்ன அதிசயம் என்று கொழும்பு வாசகர்கள் கேட்பீர்கள். சாய்ந்தமருதுக்கு வந்து கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண் எங்கேயும் போகமாட்டாள். அந்த மாப்பிள்ளைக்கு முன்னால் மாமியார் வரமாட்டார், நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டார். சோறு ஆறுது, மழை வரப் பார்க்குது, குடை கொண்டு போகச் சொல்லு – எல்லாம் மகள் வழியாகத்தான் போகும். இப்போது பல வீடுகளில் இது குறைந்துவிட்டது. என் மனைவி ஜெஸீமா அந்தப் பல வீடுகளில் சேர்த்தி இல்லை.

அப்போது கலியாணம் முடிந்து ஐந்து மாதம். அத்தனை நாளும் சமைக்கிற குசினி வாசலில் தொங்குகிற பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால்தான் மாமியார் இருந்தார். அந்தத் திரையை விலக்கியது ஒரு விண்வெளிப் படம். அதுவும் புதுப் படம் இல்லை... ஏற்கெனவே பார்த்துத் தேய்ந்த படம்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

விண்வெளியில் மாட்டிக்கொண்டு உயிர் தப்புகிற படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும். ஆனால் எவனாவது ஒருவன் சந்திரனுக்கு அந்தப் பக்கம் ஒட்சிசன் இல்லாமல் தவிக்கிறான் என்றால், தேத்தண்ணிக் கோப்பையோடு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். என்ன மனம் பாருங்கள்! இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. படம் ஓடும்போது யாரும் கதைக்கக்கூடாது. கதைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மருமகன் பெயர் றிஸ்வான். வரிப்பத்தான்சேனைப் பொடியன். அங்கே வயல் இருக்கிறது, இங்கே கல்முனையில் ஒரு அலுவலகத்தில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனால் வாய் திறக்கமாட்டார். "என்ன மருமகன், வேலையெல்லாம் எப்பிடி?" என்றால், "நல்லம் மாமா." "சாப்பாடு?" "நல்லம் மாமா." "சுகம்?" "நல்லம் மாமா." இந்த 'நல்லம் மாமா'வை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது?

சாப்பாடு நல்லமாம். ஆனால் இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். மனைவி விடுவாரா? விடிந்ததும் கடற்கரைக்கு ஆள் அனுப்பி, மருமகனுக்கென்று அறக்குளா மீன் வாங்குவார். ஒரு நாள் பொரியல், ஒரு நாள் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம், அடுத்த நாள் இரண்டும். துண்டு பெரிதாகப் பெரிதாக மருமகன் சாப்பிடுவது குறைந்துகொண்டே போனது. ஆள் மெலிந்தும் போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் உம்மா வீட்டுக்குப் போவார். ஆரம்பத்தில் பொழுதுபட, மஃரிபுக்கு முன்னமே திரும்பினார். பிறகு சனிக்கிழமை வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை.

ஒருநாள் மகள் சுமையா என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வாப்பா, அவர் வரிப்பத்தான்சேனையில ஒரு ஊடு பாப்பமா எண்டு கேக்கிறார்."

ஊர் என்ன கதைக்கும் என்பது ஒரு பக்கம். ஊர் எதைத்தான் கதைக்காமல் விட்டது? மகள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிப்பது? வீடே சீதனமாக அவள் பெயரில் எழுதியது. வீட்டுக்காரி வீட்டை விட்டுப் போக, ஒட்டிக்கொண்டிருக்கிற நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருப்பதா?

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. உங்களையும் உம்மாவையும் நினைச்சாலும் கவலை, அவரப் பாத்தாலும் பாவமா இரிக்கி."

என்ன குறை என்று கேட்டாயா என்றால், கேட்டாளாம். "ஒண்டுமில்ல, எல்லாம் நல்லம்" என்றாராம். பெண்சாதிக்கும் அதே நல்லம்தான்!

இந்த நேரத்தில்தான் அல்லாஹ் ஒரு வழி காட்டினான். ஒரு பின்னேரம் 'கல்லடிபட்ட கப்பல்' பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் உண்மைப் பெயர் அதுவல்ல. இங்கிலீசுப் பெயர் எனக்கு நிற்காது, ஆகவே நானே பெயர் வைத்துக்கொள்வேன். மருமகன் வேலை முடிந்து வந்து, வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு அறைக்குப் போனவர், டிவியைக் கண்டு நின்றுவிட்டார். நான் கதிரையை விட்டு எழும்பி, "இருங்க மருமகன்" என்றேன். பேன் காற்றுக்கு நேரே இருக்கிற என் கதிரை அது. அவர் அதில் இருக்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலின் விளிம்பில் குந்தினார்.

"இந்தப் படம் நானும் பாத்திரிக்கன் மாமா" என்றார்.

ஒரு முழு வசனம்! எனக்குப் புல்லரித்தது. அன்றே முடிவெடுத்தேன். என் பென்ட்ரைவில் இருக்கிற விண்வெளிப் படம் அத்தனையையும் இவரோடு இரண்டாந்தரம் பார்ப்பது. வேறு எதால் இந்தப் பிள்ளையைப் பிடித்து வைப்பது?

இரண்டாந்தரம் பார்ப்பதில் ஒரு விசயம் இருக்கிறது. ஆள் சாவானா பிழைப்பானா என்பது முதலே தெரியும். சஸ்பென்ஸ் போன பிறகு படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? அங்கேதான் சாயம் வெளுக்கும்.

'கல்லடிபட்ட கப்பல்' வெளுத்தது. முதல்தரம் பார்த்தபோது கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்த படம். இப்போது பார்த்தால் ஒரே சிவப்பு லைட்டும் மணிச்சத்தமும். ஹீரோவுக்கு மூச்சு முடியப் போகிறது, கொஞ்சம்தான் ஒட்சிசன் மிச்சம். அதை வைத்து ஆள் என்ன செய்கிறார்? நாட்டைப் பற்றி, மனிதகுலத்தைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம்!

"வாய மூடினா இன்னும் கொஞ்ச நேரம் இரிக்கலாமே மாமா" என்றார் றிஸ்வான். நான் வெடித்துச் சிரித்தேன். திரைச்சீலைக்குப் பின்னாலும் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

அடுத்தது 'பம்ப் பொம்பிளை'. தூரத்து நிலா ஒன்றில் தனியாக மாட்டிய ஒரு பெண். தண்ணீர் பம்ப் உடைந்துவிடும். அதைக் கழற்றுவார், பூட்டுவார், திரும்பக் கழற்றுவார். அவ்வளவுதான் படம். முதல்தரம் நான் நன்றாக நித்திரை கொண்ட படம் இது. இரண்டாந்தரம்தான் கண்டேன் – அந்தப் பெண் ஒவ்வொரு தடவை தேத்தண்ணி ஊற்றும்போதும் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறார். ஒன்று தனக்கு. மற்றது? ஆளே இல்லை! இதை எப்படி அன்றைக்குத் தவறவிட்டேன்?

அந்த நேரம் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு குசுகுசுப்பு. சுமையா வெளியே வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஆருமில்லையா எண்டு உம்மா கேக்காங்க."

மருமகன் சுமையாவைப் பார்த்து, "தங்கச்சி ஒண்டு இரிக்காவாம் எண்டு சொல்லு" என்றார்.

அவள் உள்ளே போய்ச் சொன்னாள். திரும்பி வந்தாள். "தங்கச்சி கலியாணம் முடிச்சிட்டாவா எண்டு கேக்காங்க."

விண்வெளிக்கும் பூமிக்கும் இடையில் கதை போய்வர நேரமெடுக்கும், சுணங்கும் என்று இந்தப் படங்களில் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் எட்டடி தூரத்துக்கே அந்தச் சுணக்கம். படம் ஓடும்போது இவ்வளவு கதையா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மருமகன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஆகவே விட்டுவிட்டேன்.

போயா அன்று பார்த்தது 'ஒரு உடுப்பு'. ஒரு சின்னக் கூண்டுக்குள் இரண்டு விண்வெளி ஆட்கள், வெளியே போகப் போடுகிற உடுப்பு ஒன்றே ஒன்று. காற்று குறைந்துகொண்டே வருகிறது. மூத்தவருக்கு அது தெரியும், இளையவர் பயந்துவிடுவார் என்று சொல்லமாட்டார். இளையவருக்குத் தன் பக்கத்தில் காற்று ஒழுகுவது தெரியும், மூத்தவருக்கு ஏன் கரைச்சல் என்று அவரும் சொல்லமாட்டார். "நீங்க எப்பிடி?" "நான் நல்லம்." "நீங்க?" "நானும் நல்லம்." இப்படியே ஆளுக்காள் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து... முதல்தரம் பார்த்தபோது நான் விக்கி விக்கி அழுத படம். என்ன தியாகம், என்ன மனிதர்கள்!

இந்தமுறையும் அழலாம் என்று சால்வையோடு தயாராக இருந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

றிஸ்வான்தான் விளக்கினார்.

"மாமா, முந்தி இதப் பாக்கக்குள்ள எனக்கு அழுக வந்த. இப்ப கோவம்தான் வருது. ரெண்டு பேரும் முதல் நாளே வாயத் திறந்து கதைச்சிருந்தா, சேந்து அந்த ஓட்டைய அடைச்சிருப்பாங்களே!"

சரக்கென்று திரைச்சீலை விலகியது.

"அதத்தான் மகன் நானும் சொல்றன்! நல்லம் நல்லம் எண்டு சொல்லிட்டே இரிந்தா மத்த மனிசருக்கு எப்பிடித் தெரியும்?"

என் மனைவி! கையில் அகப்பை, தலையில் முக்காடு பாதி நழுவி, வீட்டுக் கூடத்தில், நடுச்சாலையில் நிற்கிறார். டிவியில் அந்த இரண்டு பேரும் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். யார் அவர்களைப் பார்த்தது? என்ன செய்துவிட்டோம் என்று மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் எட்டித் திரைச்சீலையை இழுத்தார். வரவில்லை. மறுபக்கம் சுமையா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மருமகன் எழும்பி நின்றார். டிவியைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"மாமி... நான் கடல் மீன் சாப்பிடுறல்ல."

"என்ன?"

"சின்னதுல இருந்தே அந்த வாட எனக்கு ஒத்துக்கொள்றல்ல. குளத்து மீன் எண்டா சாப்பிடுவன். விரால்..."

யா அல்லாஹ்! ஐந்து மாதமாக அறக்குளா! குளத்து மீனைக் கண்டால் சேற்று நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிற கடற்கரைக்காரர் நாங்கள். கடல் மீனில் நாற்றம் காண்கிற ஒரு மனிதன் உலகத்தில் இருப்பான் என்று எங்களுக்கு எப்படித் தோன்றும்?

"எனக்கிட்டயாவது சொல்லியிரிக்கலாமே!" என்றாள் சுமையா.

"உனக்கிட்ட சொன்னா மாமிக்குப் போயிருமே. அவங்க எவ்வளவு கஸ்டப்பட்டுச் சமைக்காங்க..."

அதோடு நிற்கவில்லை. ஐந்து மாதம் அடைத்து வைத்தது வந்துகொண்டிருந்தது.

"மீன் மட்டுமில்ல மாமா. நான் உள்ள வந்தா எல்லாரும் கதைக்கிறத நிப்பாட்டுறீங்க. மாமி குசினிக்குள்ள போயிடுறாங்க. நீங்க உங்கட கதிரைய விட்டு எழும்பிடுறீங்க. என்னால உங்கட ஊடே குழம்பிப் போச்சு எண்டு இரிக்கி. அதான் நாங்க வேற ஊடு பாத்துப் போனா, நீங்க முந்தி மாதிரி நிம்மதியா இரிப்பீங்க எண்டு நினைச்சன்."

எங்களுக்காகத்தான் போகப் பார்த்தாராம்! அவருக்கு மரியாதை என்று நாங்கள் எழும்பி எழும்பி ஓடியிருக்கிறோம். தான் எங்களைத் துரத்துவதாக அவர் நினைத்திருக்கிறார். அப்போதுதான் என் எரிச்சலின் காரணமும் எனக்கு விளங்கியது. படத்தில் இருக்கிற கூண்டு எங்கள் வீட்டு நடுச்சாலைதான்.

மனைவி அழுதுவிட்டார். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே மருமகன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது உங்கட ஊடு மகன். எங்க போகப் போறீங்க? விராலுக்கு என்ன கஸ்டம், நான் ஆக்கித் தாறன்."

அன்று மதியம் மருமகன் புளியாணத்தோடும் முட்டைப் பொரியலோடும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். படத்தின் கிளைமாக்ஸை யாரும் பார்க்கவில்லை. பிழைத்தார்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு இறக்காமத்துக் குளத்து விரால் வருகிறது. மனைவி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுகையால் ஆணத்தைக் கிண்டுகிறார். பச்சைத் திரைச்சீலை கழுவி மடித்து அலுமாரிக்குள் போய்விட்டது. வேறு வீடு பார்க்கிற கதை இல்லை. ஜும்ஆ முடிந்து போகிறவர் மஃரிபுக்கே வந்துவிடுகிறார், உம்மா கொடுத்து விட்ட தயிர்ச் சட்டியோடு.

ஒரே ஒரு கரைச்சல். மாமியும் மருமகனும் படம் தொடங்கி முடியும் வரை கதைக்கிறார்கள். "இவன் சாகமாட்டான் மாமி." "எப்பிடி மகன் தெரியும்?" "இவன்ட படம்தானே போஸ்டர்ல பெரிசா இரிக்கி!" படத்தின் ஒரு வசனமும் என் காதில் விழுவதில்லை. என் கண்டிப்பெல்லாம் காற்றில் போய்விட்டது.

நேற்று மஃரிப் தொழுதுவிட்டு வந்தேன். டிவியில் 'பம்ப் பொம்பிளை' ஓடிக்கொண்டிருந்தது. பேனுக்கு நேரே என் கதிரை. அதில் மருமகன், காலை நீட்டிக்கொண்டு, கையில் ரிமோட். நான் முன்னால் போய் நின்றேன். எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டிவி மறைக்கிது."

அல்ஹம்துலில்லாஹ்... ஆள் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டார்!