இந்தா வாரேன்

கம்பெனி வேலையை விட்டு, வீடு வீடாகத் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கத் தொடங்கிய புதிது. மறுத்துப் பேசக் கூச்சம். யார் கூப்பிட்டாலும் "இந்தா வாரேன்" என்பேன்.

அன்று சிம்மக்கல் வேலையைப் பாதியில் விட்டு, ஊரின் மறுகோடியிலிருந்த பரவைக்கு ஓடினேன். அதேபோல் வாரேன் என்று சொல்லியிருந்த கோச்சடை வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. காலையிலிருந்து தண்ணீரில்லாமல் காத்திருந்த வீட்டுக்காரம்மா, வேறு ஆளை வைத்து வேலையை முடித்திருந்தார்.

"டவுன் பஸ்ஸுக்கே ரூட்டு இருக்குண்ணே. உங்களுக்கு இல்லையா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் என்று பிரித்துக்கொண்டேன். மறுநாளே பரவையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையிலதாண்ணே அந்தப் பக்கம் வாரேன்." இந்த வேலையும் போச்சு என்றிருந்தேன்.

"சொன்னபடி வந்துருங்க, அது போதும்" என்றார்.

என் கூச்சத்தை நல்ல குணமென்று நினைத்து, எத்தனை பேரைக் காக்கவைத்திருக்கிறேன்.