மகேந்திரன் அண்ணையின் வராத புயல்கள்

சுரங்க ரயில் புருசெத் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது மகேந்திரன் அண்ணையின் மனைவி வசந்தி அக்காவின் அழைப்பு வந்தது. "பிள்ளை, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். ஆஸ்பத்திரியில், காலைச் சாப்பாட்டுக்கு முன், இதயம் நின்றுவிட்டதாம். சுரங்கத்துக்கு வெளியே நல்ல வெயில். எனக்கு அழுகை வரவில்லை. இனி என் பல்கனியைப் பற்றி எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது.

முப்பத்தோராம் நாளுக்கான இந்த நினைவு மலருக்கு எழுதமாட்டேன் என்றுதான் சொன்னேன். வசந்தி அக்கா விடவில்லை. "எல்லாரும் தங்கமான மனுசன் எண்டு எழுதித் தந்திருக்கினம். வாசிச்சால் ஆரோ வேறை வீட்டு ஆளை எழுதின மாதிரிக் கிடக்கு. அவரோடை சண்டை பிடிச்சனி நீதானே, நீயெண்டாலும் ஆளை எழுது" என்றார். ஆகவே எழுதுகிறேன். மகேந்திரன் அண்ணை தங்கமான மனிதர் அல்ல. அவரை அறிந்த உங்களுக்கும் அது தெரியும்.

அவர் இங்கே நோர்வேயில் தூரப் பயணப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் நம்மவர்களின் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் தேர் என்று எங்கே போவதென்றாலும் வாடகைப் பேருந்தை ஓட்டுவது அவர்தான். எங்கள் கட்டடத்தில் எனக்கு அடுத்த வாசல். வானிலைக்காரர்கள் எச்சரிக்கை விட்டால் போதும், மனிதருக்கு இருப்புக்கொள்ளாது. மழைக்கு முன்பே மண்வாரியோடு இறங்கி, தெருவோர வடிகால்களில் அடைத்திருக்கும் இலைகளை வாருவார். பிறகு வீடு வீடாக ஏறுவார். தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறோமா, மெழுகுதிரி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என் குசினி அலுமாரியைக் கேட்காமலே திறந்த மனிதர் அவர். "சாமிப்படத்துக்குப் பூ வைக்க நேரம் இருக்கு. பல்கனியிலை கிடக்கிற கதிரையை உள்ளுக்கு எடுக்க நேரமில்லையோ?" என்று, காற்று தூக்கி எறியக்கூடிய அந்த நாற்காலியைக் காட்டி, என் மாமியார் முன்னாலேயே கேட்டார். மாமியார் அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

வீட்டுக்கு வர முடியாவிட்டால் தொலைபேசியில் வருவார். வணக்கம், சுகமா, ஒன்றும் கிடையாது. "கதிரை உள்ளை எடுத்தாச்சோ?" அவ்வளவுதான். 'ஓம்' என்ற சொல் நம் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் தொலைபேசியை வைத்துவிடுவார். அவர் சொன்ன புயல்களில் பாதிக்கு மேல் வரவேயில்லை. லேசாகத் தூறிவிட்டுப் போகும். எங்கள் பகுதியான ஸ்டோவ்னரின் கடைத்தொகுதியில் நம்மவர்கள் கூடினால், சொல்லிவிட்டு வராத விருந்தாளிக்குக்கூட 'மகேந்திரன்ரை புயல்' என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். அடுத்த எச்சரிக்கைக்கும் அழைத்தார்.

இதெல்லாம் சின்ன எரிச்சல். என்னுடைய உண்மையான கோபம் கோல் என்ற ஊரில் தொடங்கியது.

என் ஒரே தம்பி மலைக்கு அப்பால், மேற்குக் கரையில் இருக்கும் பேர்கனில் வேலை செய்கிறான். கலியாணப் பொம்பிளையும் அங்கேதான். மார்கழியில் கலியாணம் செய்யமாட்டோம், தை பிறந்தவுடன் நாள் வைப்போம். இங்கே மலைப்பாதைகள் பனியில் மூடுவதும் அந்த மாதத்தில்தான். நம்முடைய பஞ்சாங்கத்தை எழுதியவர்கள் நோர்வேயின் மலைகளைக் கண்டவர்கள் அல்லர். கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் ஸ்டோவ்னரிலிருந்து பேருந்து புறப்பட்டது. பலகாரப் பெட்டிகள், மாலைகள், சொந்தங்கள், அம்மா. கூறைச்சேலையும் தாலியும் என் மடியில் இருந்தன.

மலை ஏறுவதற்கு முன்னால் கோலில் பெற்றோல் நிலையத்தில் மகேந்திரன் அண்ணை வண்டியை நிறுத்தினார். மேலே காற்றும் பனியும் கடுமை. பனி வாரும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் வாகனங்களை விடுகிறார்கள் என்றார். பிறகு சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் ஏத்தமாட்டன்."

"அண்ணை, பாதை திறந்துதானே கிடக்கு!" என்றேன்.

"கார் போகலாம். இந்தப் பஸ் காத்திலை சரிஞ்சால் ஆர் தூக்கிறது? ஐயரோடை கதையுங்கோ. கலியாணத்தைத் தள்ளி வையுங்கோ."

முகூர்த்தத்தைத் தள்ளி வைப்பதா! பேருந்தில் இருந்த அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். அவர் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

எங்கள் பின்னால் காரில் வந்த சித்தப்பாவின் மகன் சுதன், தான் மலையைத் தாண்டப்போவதாகச் சொன்னான். காரில் ஒரு இடம் இருந்தது. தாலியையும் கூறையையும் அவனிடம் கொடுத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மகேந்திரன் அண்ணை எழுந்து வந்து கார்க் கதவின் முன்னால் நின்றுகொண்டார். "தாலி போகட்டும். அம்மா போகேலாது. இவ என்ர பஸ்ஸிலை வந்தவ. அவன்ர உசிர் அவன்ர பாடு, நான் சொன்னாலும் கேக்கான்." அவரைத் தள்ளப் பார்த்தேன். மலை மாதிரி நின்றார். பனி வாரும் வண்டி புறப்படும் நேரமாகிவிட்டது. சுதன் காத்திருக்கவில்லை.

இரவைப் பேருந்திலேயே கழித்தோம். மறுநாள் என் அம்மா தன் மகனின் தாலிகட்டை அந்தப் பெற்றோல் நிலையத்துக் கோப்பிக் கடையில், என் தொலைபேசியில் பார்த்தார். மேளம் உச்சத்துக்குப் போனபோது படம் நின்றுவிட்டது. தம்பியின் கைகள் பெண்ணின் கழுத்துக்குப் போகும் வழியில் அப்படியே நின்றன. மறுபடி ஓடியபோது எல்லோரும் பூப்போட்டு முடித்துவிட்டார்கள். அம்மா சேலைத் தலைப்பால் தொலைபேசியைத் துடைத்தார்.

சுதனின் காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நாங்கள் காற்று அடங்கியபின் மலையைத் தாண்டி பேர்கன் மண்டபத்தை அடைந்தபோது மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று அவரிடம் கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. வந்து சேர்ந்தாச்சு" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா தான் சாகும்வரை அவரை மன்னிக்கவில்லை. ரொம்மனில் தன் வீட்டில், தன் கட்டிலில், வயது போய்த்தான் செத்தார். நானும் மன்னிக்கவில்லை. இந்த மலரில் எழுதுவதால் அது மாறிவிடாது.

இனி அவருடைய செத்தவீட்டுக்கு வருகிறேன். அதைப்பற்றி உங்களில் பலருக்கு என்மேல் கோபம்.

இந்த நாட்டில் மண்டபமும் தகனத்துக்கான நேரமும் கிடைக்க நாளாகும். வெள்ளிக்கிழமை கிடைத்தது. அந்த வாரமே மேற்குக் கரைக்குப் பெருமழையும் கடுங்காற்றும், மலையில் கனத்த பனியும் என்று எச்சரிக்கை வந்தது. அண்ணையின் ஒரே பிள்ளை யாழினி இருப்பது பேர்கனில். விமானம் நின்றது. ரயிலும் நின்றது. வியாழன் காலையில், வசந்தி அக்காவின் வீட்டில் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் இருக்கும்போது, யாழினி என்னை அழைத்தாள்.

"அன்ரி, நான் காரிலை வெளிக்கிட்டிட்டன். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ, பயப்பிடுவா."

"தனியவோ?"

"ஓம். ஆர் வருவினம்? நான் அப்பாவைப் பாக்கோணும்."

பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர், "பிள்ளையைத் திரும்பிப் போகச் சொல்லுங்கோ. தமையன்ரை மகன் கொள்ளி வைக்கட்டும். பிள்ளை வீடியோவிலை பாக்கட்டும். இப்ப எல்லாம் வீடியோதானே" என்றார்.

வீடியோ! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. வீடியோவில் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தள்ளி வைப்போமா என்று வசந்தி அக்காவிடம் மட்டும் கேட்டேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். செத்தவீட்டுக் காரியங்களைப் பார்க்கும் நிறுவனத்தை அழைத்து, நாளை வேண்டாம், அடுத்த வாரம் நாள் தாருங்கள் என்றேன்.

"செத்தவீட்டை ஆரும் ஒத்திவைக்கிறதோ? சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு. சனம் லீவு எடுத்திட்டுது" என்று பெரியவர் எழுந்து நின்றார்.

"சனம் திரும்ப எடுக்கட்டும்" என்றேன்.

பிறகு யாழினியை அழைத்தேன். மலைக்கு முன்னால் வரும் வொஸ் என்ற ஊரைத் தாண்டிவிட்டிருந்தாள். "வண்டியைத் திருப்பு. நாளைக்கு இஞ்சை ஒண்டும் இல்லை. அடுத்த கிழமைதான்."

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"உன்ர அம்மாவை."

"அவர் என்ர அப்பா, அன்ரி! உங்களுக்குத்தான் அவரைக் கண்ணிலையும் காட்டேலாதே!"

மறுமுனையில் மழை கார்க் கூரையில் அடிப்பது மட்டும் கேட்டது. அவள் திருப்பினாள்.

அடுத்து நடந்ததும் உங்களுக்குத் தெரியும். புயல் வடக்கே விலகிவிட்டது. வெள்ளிக்கிழமை மலைப்பாதை நாள் முழுக்கத் திறந்திருந்தது. சும்மா கிடந்த பாதைக்குப் பயந்து ஒரு மனிதரை மேலும் ஒரு வாரம் குளிரறையில் கிடத்தினேன் என்று பேசிக்கொண்டீர்கள். "மகேந்திரன்ரை புயல்" என்று என் காதுபடவே ஒருவர் சிரித்தார். சிரியுங்கள். வரும் என்று அஞ்சி நிறுத்துகிறவர், வராவிட்டால் ஏச்சு வாங்கத்தான் வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவர் ஏச்சு வாங்கும்போது பக்கத்தில் நின்று ஏசியவள் நான்.

அடுத்த வாரம் யாழினி வந்தாள். தகப்பனின் நெற்றியைத் தொட்டாள், கொள்ளியும் அவளே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கை கொடுக்கப் போனேன், கடந்து போய்விட்டாள். போகட்டும். அம்மா ரொம்மனில் உட்கார்ந்து வருடக்கணக்காக அண்ணையைத் திட்டியது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. என்ன பலமான குரல்! அந்தக் குரலை வீடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். இதையும் எழுதிவிடுகிறேன், மன்னிப்பு என்று எவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. இந்த வாரம் மேற்குக்கு மறுபடியும் எச்சரிக்கை வந்தது. என் கதிரைகளை உள்ளே இழுத்துப்போட்டுவிட்டு யாழினியை அழைத்தேன். எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"கதிரை உள்ளை எடுத்தாச்சோ?"

"ஓம்" என்றாள். நான் வைப்பதற்கு முன்னால் அவள் வைத்துவிட்டாள்.