சூசை சாரின் சின்னத் தட்டு

அன்று காலை ஒரு கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பிசுபிசுத்த விரலாலேயே தொட்டு ஸ்பீக்கரில் போட்டேன். சூரமங்கலத்திலிருந்து சூசை சாரின் மகள் ஸ்டெல்லா. "அங்கிள், அப்பா போயிட்டாரு. காபி குடிச்சாரு, பேப்பரைப் பிரிச்சாரு. அப்படியே சாஞ்சுட்டாரு" என்றாள். "என்னம்மா உளர்ற?" என்று அந்தப் பெண்ணிடம் எரிந்து விழுந்தேன். எனக்குத் துக்கம்கூடக் கோபமாகத்தான் வந்து தொலைக்கும். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ் ஏறினேன்.

சூசை சார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் மெட்டல் டிடெக்டர். அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி, சேலம் நாமக்கல் பக்கத்துக் காடு கரையெல்லாம் போய், யாரோ தொலைத்த மோதிரத்தையும் தோட்டையும் தேடிக் கொடுத்துவிட்டு வருவார். பதிலுக்கு ஒரு டீ குடிப்பார், சர்க்கரை கம்மியாக. இதைப் படிக்கிற உங்களில் சிலருடைய விரலில் இருக்கும் மோதிரம்கூட அவர் கண்டெடுத்ததாக இருக்கலாம்.

அந்த மிஷினைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கையில் பிடிக்க ஒரு தடி, காதுக்கு ஹெட்போன், தடியின் நுனியில் வட்டமாக ஒன்று. அந்த வட்டத்தை நாங்கள் காயில் என்போம், ஊர்க்காரர்கள் தட்டு என்பார்கள். அதற்குள் இருப்பது சுற்றிய செம்புக் கம்பிதான். ஒருநாள் அந்தக் கம்பி அறுந்துபோய், சரிசெய்ய என் கடை தேடி வந்தார். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பிரித்துப் பார்த்து, "இவ்வளவுதானா சார்? இதை நானே சுத்துவேனே" என்றேன். "சுத்துறது சுலபம் மெக்கானிக். கேக்கிறதுதான் கஷ்டம்" என்றார். அன்று தொடங்கிய பழக்கம்.

அவரிடம் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று உள்ளங்கையை விரித்த அளவு. இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அளவு. பெரியதைப் பத்துத் தடவைக்கு ஒரு தடவை மாட்டினால் அதிகம். எனக்கு அது பொறுக்காது. பெரிய தட்டு ஒரே வீச்சில் அகலமாகப் பார்க்கும், ஆழமாகவும் கேட்கும். கோழிப்பண்ணைக்குப் பக்கத்துக் காட்டில் முழங்கால் ஆழத்தில் கிடந்த கடப்பாரையை அதில்தான் எடுத்தோம். "சார், குடம் இருக்கையில டம்ளர்ல தண்ணி இறைக்கிறீங்களே" என்று கிண்டல் செய்வேன். "கடப்பாரை தொலைச்சவங்க கூப்பிட்டா அதைக் கொண்டாரேன் மெக்கானிக்" என்பார்.

ஒருமுறை தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு நான்கு பேர் அவரைத் தேடி என் கடைக்கு வந்தார்கள். மலையடிவாரத்தில் புதையல் இருக்கிறதாம், ஜோசியர் சொன்னாராம், பெரிய தட்டோடு வரவேண்டுமாம். சூசை சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "ஏங்க, அதைத் தொலைச்சது நீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "உங்க அப்பா, தாத்தா?" இல்லை. "அப்ப எனக்கு அங்க வேலை இல்லைங்க. தொலைச்சதைத்தான் தேடுவேன், புதைச்சதைத் தேடமாட்டேன்" என்று அனுப்பி வைத்தார். கார் ரிவர்ஸ் எடுத்து லாரி ஸ்டாண்டைத் தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தேட ஆரம்பிப்பதற்கு முன்னால், தொலைந்த பொருளைப் போலவே ஒன்றை அந்த வீட்டிலேயே கேட்டு வாங்குவார். மோதிரம் தொலைந்திருந்தால் மோதிரம், தோடென்றால் தோடு. அதை அதே காட்டு மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைப்பார். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி மாட்டி அதன் மேல் வீசிப் பார்ப்பார். எது கேட்கிறதோ அதுதான் அன்றைக்கு. எனக்கு இது வீண் சடங்காகத் தெரிந்தது. ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் வாய்க்காலில் நீந்திக் காட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அந்த வாய்க்கொழுப்புதான் என்னைக் கஞ்சமலை அடிவாரத்துக் காட்டில் கொண்டுபோய்ச் சாய்த்தது.

நடந்தது நான்கு வருடம் முன்னால். நல்லப்பன் என்பவருடைய குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளித் தோட்டம். கிழங்கு பிடுங்கிய அன்று அவர் மனைவி சரசு அக்காவின் தாலிக்கொடி காணாமல் போனது. பக்கத்தில் நின்று கிழங்கு பிடுங்கியவர் பாவாயி. கூலிக்கு வந்தவர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அன்று தலைவலி என்று கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குப் போய்விட்டார். அது போதாதா? ஊர் வாய் மெல்ல ஆரம்பித்துவிட்டது. சூசை சாருக்கு அப்போது முழங்கால் வீங்கிப் படுக்கை. "மிஷினை நான் கொண்டுபோறேன் சார்" என்று வாங்கிக்கொண்டேன். நானே பதினைந்து நாள் உட்கார்ந்து சுற்றிய ஒரு தட்டு என்னிடம் தயாராக இருந்தது, பரோட்டாக் கல் அகலம். அதைப் பத்துப் பேர் முன்னால் மாட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்கு அரிப்பு.

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தேன்; காட்டில் கால் வைத்ததும் மிஷின் கத்தியது. எங்கே வைத்தாலும் கத்தியது. வேடிக்கை பார்க்கிறவர்கள் முன்னால் மானம் போகிறதே என்று, சத்தம் அடங்கும்வரை மிஷினின் காதைக் கூராக்கும் குமிழைக் குறைத்துக்கொண்டே போனேன். அடங்கியது. அப்புறம் ராஜா மாதிரி நடந்தேன். மத்தியானத்துக்குள் காடு முழுக்க வீசி முடித்தாயிற்று. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இந்தக் காட்டுல இல்லைங்க."

நல்லப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "காட்டுல இல்லைன்னா, எடுத்துட்டுப் போயாச்சுன்னுதானுங்க அர்த்தம். நாளன்னைக்குப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன்" என்றார். வரப்போரம் நின்றிருந்த பாவாயி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெருமையாகவே எல்லாம் சொன்னேன். சூசை சார் ஒன்றே ஒன்று கேட்டார். "புதைச்சுப் பாத்தீங்களா?" நான் தட்டின் அகலத்தைப் பற்றிப் பேசினேன். அவர் மறுபடி, "புதைச்சுப் பாத்தீங்களா மெக்கானிக்?" என்றார். இல்லை என்றேன். "கேக்கலைன்னு சொன்னீங்களா, இல்லைன்னு சொன்னீங்களா?" அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். அவர் வீங்கிய முழங்காலுக்குத் துணி சுற்ற ஆரம்பித்தார். "காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன். காட்டுல நில்லுங்க" என்றார்.

மறுநாள் காட்டில் ஒரு காந்தத்தை நூலில் கட்டி மண்ணில் இழுத்தார். தூக்கினால் தாடி முளைத்த மாதிரி கருமணல் ஒட்டியிருந்தது. கஞ்சமலை இரும்பு பூத்த மலை, மழைக்கு மழை அந்த மண் இறங்கிக் காட்டில் சேர்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். நினைத்துப் பார்க்கவில்லை. சரசு அக்காவிடம் ஒரு சங்கிலியை வாங்கி ஒரு சாண் ஆழத்தில் புதைத்தார். என் பரோட்டாக் கல்லை என் கையிலேயே கொடுத்தார். குமிழை ஏற்றினால் மண்ணின் இரும்பெல்லாம் சேர்ந்து ஊளையிட்டது. நேற்று வைத்த மாதிரி இறக்கினேன். தங்கத்தின் மேல் மூன்று முறை வீசினேன். துளி சத்தமில்லை. நேற்று முழுக்க நான் செவிட்டு மிஷினோடு நடந்திருக்கிறேன்! அகலத் தட்டு அகலத்துக்கு மண்ணைப் பார்க்கிறது, அத்தனை இரும்பையும் சேர்த்துப் பார்க்கிறது. சின்னத் தட்டை அவர் மாட்டினார். அது கொஞ்சமாக மண்ணைப் பார்த்தது. சங்கிலியின் மேல் வந்ததும் சன்னமாக, தெளிவாக ஒலித்தது. நல்லப்பனைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் காதில் வைத்தார். "நேத்து இது எங்களுக்குக் கேக்கலைங்க. அதைத்தான் இல்லைன்னு சொல்லிட்டோம். ரெண்டு நாள் கொடுங்க" என்றார். எங்களுக்கு என்றார். என்னைக் கைகாட்டவில்லை.

ஆனால் உள்ளங்கை அகலத் தட்டை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய காட்டை எப்போது முடிப்பது? கேட்டேன். "முடியாது. அதனாலதான் கேட்டுட்டுத் தேடணும்" என்றவர், நொண்டிக்கொண்டே பாவாயி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன், வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். உள்ளே போக எனக்கு முகம் இல்லை. அவர் போய் உட்கார்ந்து, "அம்மா, அன்னைக்குக் காலையிலருந்து சரசம்மா எங்கெங்க நடந்தாங்க, நீங்க பாத்த வரைக்கும் சொல்லுங்க" என்றார். திருடினாயா என்று கேட்க அந்த வாசலுக்கு அதுவரை ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இதைக் கேட்க ஒருவரும் வரவில்லை.

பாவாயி விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "டீக்கு முன்னால குச்சிக்கட்டைத் தோள்ல வெச்சு மோட்டார் ரூமுக்கு அக்கட்டால கொண்டுபோய் அடுக்குனாங்க சாமி. ரெண்டு நடை. ரெண்டாவது நடையில கயிறு கழுத்துல மாட்டிக்கிச்சுன்னு உதறி எறிஞ்சாங்க" என்றார். நடுவதற்காக எடுத்து வைத்த மரவள்ளிக் குச்சிகள் அவை; உதறிய கயிற்றோடு கொடியும் போயிருக்கலாம். காட்டை முழுக்க வீசிய நான் அந்த மூலைக்குப் போகவே இல்லை. ஆணியும் பழைய கம்பியும் கிடக்கிற இடம், என் பெரிய தட்டுக்கு அங்கே நுழையவும் இடமில்லை.

குச்சிக்கட்டுகளை நகர்த்திவிட்டு, சூசை சார் முழங்காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அங்குலம் அங்குலமாகச் சின்னத் தட்டை நகர்த்தினார். ஆணி, ஆணி, நட்டு, ஆணி. ஒவ்வொன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டாம் நாள் காலையில், சுவரோரம் மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தில் தட்டு நின்றது. முன்னும் பின்னும் அசைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் மண்ணைக் கிளற ஓடினேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "பாவாயியம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க வந்தப்புறம் தோண்டலாம்."

"சார், ஆணியா இருந்தா?" என்று அவர் காதருகில் கேட்டேன்.

"ஆணின்னா அவங்க முன்னாலயே ஆணின்னு சொல்லுவோம். மறுபடி தேடுவோம்."

பாவாயி வந்தார். ஊரில் பாதியும் கூட வந்தது. சூசை சார் சரசு அக்காவையே தோண்டச் சொன்னார். மூன்று கை மண்தான். கொடி வெளியே வந்ததும் அக்கா அதைக் கண்ணில்கூட ஒற்றிக்கொள்ளவில்லை. "அய்யோ பாவாயி!" என்று அப்படியே அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நான் எத்தனையோ மோட்டாரை ஓட வைத்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை. அன்று சிலிர்த்தது. மண்ணில் அழுக்கேறிய சட்டையோடு சுவரில் சாய்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது. அவரோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஒரு டீ கிடைக்குமாங்க?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "பெரிய தட்டு நல்ல தட்டுதான் மெக்கானிக். ஆனா அதைக் கையில பிடிச்சா யாரையும் கேக்க வேண்டியதில்லைன்னு தோணிடுது." இறங்கும்போது, "பாவாயியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க" என்றார். சரி என்றேன். போகவில்லை. நாலு வருசம் போகவில்லை. அவரும் பார்க்கிற போதெல்லாம், "போனீங்களா?" என்று ஒருமுறை கேட்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

சூரமங்கலத்துக் கல்லறையில் சாமியார் ஜெபம் முடித்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். எனக்கு முன்னால் நின்றவர் குனிந்து மண் எடுத்தார். பாவாயி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வெளியே வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். கைகூப்ப வரவில்லை, கையெல்லாம் மண். "அன்னைக்கு எனக்குக் கேக்கலைங்க. இல்லைன்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேலதானுங்க" என்றேன். அவர் என்னை அன்று பார்த்தது போலவே ஒரு பார்வை பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு நாலு வருசமா?" என்றார். அப்புறம், "சாரு எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதையேதானுங்க சொல்லுவாரு. மெக்கானிக் வருவாரு, கொஞ்சம் பொறுங்கன்னு. பொறுத்துட்டுத்தான் இருந்தனுங்க" என்றார்.

என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

மிஷினை ஸ்டெல்லா என்னிடம் கொடுத்திருக்கிறாள், சின்னத் தட்டு மாட்டியபடியே. என் பரோட்டாக் கல் கடைச் சுவரில் தொங்குகிறது, கிணறு தூர் வாரும்போது ஒருநாள் உதவும். கேட்காததை இல்லை என்று சொல்லாதிருப்பது, தொலைத்த இடத்தில் நின்றவர்களை முதலில் கேட்பது, இவை இரண்டும் இனி என்னிடம் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பாவாயி வீட்டுக்குப் போனேன். புளியமரத்தடியில் நிற்கவில்லை, உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார். சர்க்கரை கம்மியாக இருந்தது.